திருத்துவதா, புதிது வாங்குவதா?



கடந்த மாதம் கிளிநொச்சி மாவட்டக் கிராமம் ஒன்றில் எமது மாதாந்தக் கூட்டம் முடிந்து பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தோம். எல்லோரும் போன பிறகும் ஒரு அக்கா மட்டும் வாசலடியில் நின்றார்.

"பிள்ளை, உம்மட்ட ஒரு விசயம் கேக்கவேணும். சிரிக்கக் கூடாது."

"சிரிக்கமாட்டன் அக்கா, சொல்லுங்கோ."

"என்ர வோஷிங் மெசின் பழுதாப் போச்சு."

ஏன் சிரிக்கக் கூடாது என்று சொன்னார் என்பது எனக்கு விளங்கியது. அன்றைய கூட்டத்தில் நாம் கதைத்தது காணி உறுதி, கடன், காணாமல் போனவர்கள் பற்றி. அவற்றுக்கு நடுவில் உடுப்புத் தோய்க்கும் மெசினைப் பற்றி வாய் திறக்க அவருக்கு வெட்கம். ஆனால் அந்த மெசினின் கதையைக் கேட்டால் நீங்களும் சிரிக்கமாட்டீர்கள்.

2009 இல் முள்ளிவாய்க்காலில் எறிகணைச் சன்னம் ஒன்று அவருடைய வலது தோளுக்குக் கீழே ஏறியது. கை இருக்கிறது, கையில் பிடி இல்லை. இடது கையால் வாளி தூக்குவார், அடுப்பு மூட்டுவார், மிளகாய்த்தூள் பைக்கற்றுக்கு நிறுத்துப் போடுவார். அந்த மிளகாய்த்தூள்தான் அவருடைய வருமானம். ஆனால் உடுப்புப் பிழிவதற்கு இரண்டு கை வேண்டும். வீட்டில் படுக்கையில் இருக்கும் தாயார் வேறு. விரிப்பும் துணியும் நாளாந்தம் தோய்க்க வேண்டும். இதையெல்லாம் பார்த்துத்தான் கனடாவில் இருக்கும் தங்கை 2019 இல் காசு அனுப்பினார். 34,000 ரூபாய்க்கு இரண்டு தொட்டி உள்ள மெசின் ஒன்று வாங்கினார்கள். ஒரு தொட்டியில் தோய்க்கும், மற்றத் தொட்டியில் பிழியும்.

"அது மெசின் இல்லைப் பிள்ளை, என்ர மற்றக் கை" என்றார்.

எல்லோரும் முடிவு சொன்னார்கள்

ஒரு நாள் காலை மெசின் "உம்ம்" என்று இரைந்தது, சுற்றவில்லை. ரவுணில் இருந்து திருத்துபவர் ஒருவர் வந்தார். பின்மூடியைக் கழற்றாமலே, "மோட்டர் எரிஞ்சு போச்சு. மாத்த 28,000 வரும். அதைவிடப் புதுசு எடுங்கோ" என்று சொல்லிவிட்டு, வந்து போன கூலியாக 1,500 ரூபாயும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

கடையில் விசாரித்தார்கள். அதே மாதிரி மெசின் இப்போது 78,000 ரூபாய். மகள், "தவணைக்கு எடுப்பம் அம்மா" என்றாள். கடன் குழுவின் உத்தியோகத்தர், "உங்களுக்கு ஒரு இலட்சம் தரலாம்" என்றார். கணவரின் தம்பி மட்டும் வேறு மாதிரி. "கிணறு இருக்கு, கல்லு இருக்கு. எங்கட அம்மா மெசினிலயோ தோய்ச்சவ?" என்றாராம். அவர் தன்னுடைய மோட்டார் சைக்கிளுக்கு அதே மாதம் புது ரயர் போட்டவர். அதை யாரும் ஆடம்பரம் என்று சொல்லவில்லை.

நான் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது ஆன் ஓக்லி என்ற ஆய்வாளரின் நூலொன்றைப் படித்தேன். லண்டனில் 40 குடும்பப் பெண்களிடம் கதைத்து, 1974 இல் அதை வெளியிட்டவர். அந்தப் பெண்கள் வாரத்துக்குச் சராசரி 77 மணித்தியாலம் வீட்டு வேலை செய்தார்கள் என்று கணக்கிட்டார். யாரும் சம்பளம் கொடுக்காத வேலை என்பதால் அது வேலையாகவே எண்ணப்படவில்லை. வேலையாக எண்ணப்படாத ஒன்றுக்கு வாங்கும் கருவியும் ஆடம்பரமாகத்தானே தெரியும்! லண்டனில் மட்டுமல்ல, எங்கள் கிணற்றடியிலும் இதே கதைதான்.

இத்தனை பேரும் அந்த அக்காவுக்கு முடிவு சொன்னார்கள். பழுது என்ன என்று ஒருவரும் சரியாகப் பார்க்கவில்லை. இந்த மாதம் நான் உங்களுக்குச் சொல்ல வந்தது இதுதான்: பழுது என்னவென்று தெரியாமல் திருத்தவும் வேண்டாம், புதிது வாங்கவும் வேண்டாம்.

முதலில் பழுதை அறிவோம்

மறுநாள் அவர் வீட்டு மாமரத்தின் கீழ் கொப்பியும் பேனையுமாக இருந்தோம். தோட்டக் கிணறுகளின் நீர்ப்பம்பி மோட்டர்களுக்குக் கம்பி சுற்றும் தம்பி ஒருவரைப் பக்கத்துக் கிராமத்தில் இருந்து வரச் சொன்னோம். அவர் முதலில் செய்தது பிளக்கைக் கழற்றியது. பிறகு தோய்க்கும் தொட்டியின் அடியில் உள்ள தட்டைக் கையால் சுற்றிப் பார்த்தார். இலகுவாகச் சுற்றியது. பின்மூடியைத் திறந்து மணந்து பார்த்தார். எரிந்த மணம் இல்லை. மீற்றர் வைத்து மோட்டரைச் சோதித்தார்.

"மோட்டர் நல்லா இருக்கு அக்கா. கப்பாசிற்றர்தான் போயிருக்கு. பெல்ற்றும் வெடிச்சிருக்கு, அதையும் மாத்துவம்."

கப்பாசிற்றர் என்பது மோட்டர் சுற்றத் தொடங்குவதற்கு உந்துதல் கொடுக்கும் சிறிய உதிரிப்பாகம். அது பலவீனமானால் மோட்டர் இரையும், சுற்றாது. கப்பாசிற்றர் 1,500, பெல்ற் 1,200, கூலி 2,000. மொத்தம் 4,700 ரூபாய். அன்று பின்னேரமே தாயாரின் விரிப்பு கொடியில் காய்ந்தது.

ஒரு எச்சரிக்கை. பிளக்கைக் கழற்றிய பிறகும் கப்பாசிற்றருக்குள் மின்சாரம் தங்கி நிற்கும். தொட்டால் அடிக்கும். ஆகவே பின்மூடியை நாம் திறக்க வேண்டாம். ஆனால் அறிகுறியைக் கவனித்துச் சொல்வது எம்மால் முடியும். இந்த இரண்டு தொட்டி மெசின்களில் வழமையாக வரும் பழுதுகள் சில:

இரைகிறது, சுற்றவில்லை என்றால் கப்பாசிற்றராக இருக்கலாம், அல்லது தட்டின் கீழ் காசு, ஊசி, துணி ஏதும் சிக்கியிருக்கலாம். மின்னழுத்தம் குறைந்தாலும் இப்படித்தான் இரையும். எங்கள் வீட்டு மின்சாரம் 230 வோல்ட் இருக்க வேண்டும். லைன் முடியும் இடத்து வீடுகளில் மாலை நேரத்தில் குறைவதுண்டு. பல்ப் மங்கலாக எரியும் நேரத்தில் மெசினைப் போடாதீர்கள், மோட்டர் சூடாகும்.

மோட்டர் சுற்றும் சத்தம் கேட்கிறது, தட்டுச் சுற்றவில்லை என்றால் பெல்ற் கழன்றோ அறுந்தோ இருக்கும். பிழியும் தொட்டி மட்டும் சுற்றவில்லை என்றால் மூடியோடு சேர்ந்த சுவிச்சையும் பிரேக் கம்பியையும் பார்க்கச் சொல்லுங்கள். தண்ணீர் வடியவில்லை என்றால் வால்வில் நூலும் அழுக்கும் அடைத்திருக்கும். இவை எல்லாம் பெரும்பாலும் சிறிய செலவுகள்.

தண்ணீர் மெதுவாக வருகிறது என்றால், தண்ணீர்க் குழாய் பொருத்தும் இடத்தில் உள்ள சிறிய வலையைக் கழற்றிப் பாருங்கள். யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கல் நிலம், கிணற்றுத் தண்ணீர் கடினம். கேத்தில் அடியில் படியும் அதே வெள்ளைப் படிவு அந்த வலையிலும் படியும். வினாகிரியில் ஊறவைத்துப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். இதற்கு யாரையும் கூப்பிடத் தேவையில்லை.

செலவு கூடிய பழுதுகளும் உண்டு. மோட்டர் உண்மையில் எரிந்துபோவது, பிழியும் தொட்டியின் சீல் தேய்ந்து தண்ணீர் கீழே உள்ள மோட்டருக்குள் இறங்குவது, முழுத் தானியங்கி மெசின்களில் மின்னணுப் பலகை பழுதாவது ஆகியவை அப்படிப்பட்டவை. அப்போதுதான் "திருத்துவதா, புதிதா" என்ற கேள்வி உண்மையில் எழுகிறது.

கொப்பியில் எழுத வேண்டிய கணக்கு

பலர் கைக்கொள்ளும் எளிய அளவுகோல் ஒன்று உண்டு. திருத்தும் செலவு புதியதன் விலையில் பாதியைத் தாண்டினால், மெசினும் வயதானதாக இருந்தால், புதிது வாங்கலாம். பாதிக்குக் கீழே என்றால் திருத்தலாம். இதை வைத்துப் பாருங்கள். 78,000 இல் பாதி 39,000. முதலில் வந்தவர் சொன்ன 28,000 கூட அதற்குக் கீழேதான். அவருடைய கணக்கின்படியே உடனே புதிது வாங்க ஓடத் தேவை இருக்கவில்லை. "பழுது" என்ற சொல்லைக் கேட்டதும் எமக்கு வரும் பதற்றம் அந்தச் சிறிய வகுத்தலைக்கூடச் செய்யவிடாது.

அடுத்தது தவணைக் கணக்கு. கடைக்காரர் எழுதிக் கொடுத்த துண்டை அக்கா காட்டினார். முற்பணம் 10,000. மாதம் 8,100 வீதம் 12 மாதம். பெருக்கினோம், 97,200. முற்பணத்தோடு 107,200 ரூபாய். கைக்காசுக்கு 78,000 ஆன பொருள், தவணைக்கு 29,200 கூட. அந்த மேலதிகப் பணத்தில் அக்காவின் கப்பாசிற்றரையும் பெல்ற்றையும் ஆறு தடவை மாற்றலாம்! வாடகைக் கொள்வனவு முறையில் கடைசித் தவணை கட்டும் வரை பொருள் உங்களுடையது ஆகாது என்பதையும் மறக்கவேண்டாம். கையெழுத்து வைக்கும் முன் "மொத்தமாக எவ்வளவு கட்டுவேன்?" என்ற ஒரு கேள்வியைக் கேளுங்கள். மாதம் எவ்வளவு என்பதை அவர்களே சொல்லுவார்கள். மொத்தம் எவ்வளவு என்பதை நாம்தான் கேட்கவேண்டும்.

கடன் எடுத்து வாங்குவது பற்றி உங்களுக்கு நான் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. வடக்கிலும் கிழக்கிலும் நுண்கடன் எத்தனை வீடுகளின் நித்திரையைக் கெடுத்தது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். 2018 இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற, ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசாங்கமே முன்வர வேண்டியிருந்தது. மிளகாய்த்தூளுக்குக் கடன் எடுத்தால் மிளகாய்த்தூள் அதை அடைக்கும். மெசினுக்கு எடுத்த கடனையும் மிளகாய்த்தூள்தான் அடைக்க வேண்டும். அப்போது தொழில் முதல் கரைந்துவிடும். கட்டாயம் புதிது வேண்டும் என்றால் நம்பிக்கையானவர்களோடு சீட்டுப் பிடித்து, மூன்று நான்கு மாதம் பொறுத்துக் கைக்காசுக்கு வாங்குவது நல்லது. அதுவரை பக்கத்து வீட்டு மெசினில் தோய்த்து, கரண்ட் காசில் பங்கு கொடுக்கலாம்.

2022 ஐயும் நினைவில் வைத்திருங்கள். அந்த ஆண்டு மார்ச் தொடக்கத்தில் ஒரு அமெரிக்க டொலர் ஏறத்தாழ 200 ரூபாய். மே மாதத்தில் அது 350 ஐத் தாண்டிவிட்டது. வெளிநாட்டில் இருந்து வரும் மெசினின் விலையும் அதோடு ஏறியது. "அப்ப 34,000 க்கு வாங்கினதை இப்ப தூக்கி எறியிறதோ" என்று அக்கா கேட்டது நியாயம். வாங்கிய விலை பழைய கதை. அதே பொருளை மீண்டும் பெற இன்று என்ன விலை என்பதைத்தான் கணக்கில் எடுக்கவேண்டும்.

திருத்துபவரிடம் கேட்க வேண்டியவை

ஆண் துணை இல்லாத வீடு என்று தெரிந்தால் சிலர் விலையைக் கூட்டிச் சொல்வார்கள். நேர்மையானவர்களும் நிறைய இருக்கிறார்கள். இருவரையும் பிரித்தறிய உதவும் கேள்விகள் இவை. எந்தப் பாகம் பழுது? அதைக் காட்டுவீர்களா? பாகத்தின் விலை எவ்வளவு, கூலி எவ்வளவு? மாற்றிய பழைய பாகத்தை என்னிடம் தருவீர்களா? திரும்ப அதே பழுது வந்தால் எத்தனை மாதத்துக்கு நீங்கள் பொறுப்பு? மெசினைக் கடைக்குக் கொண்டுபோவதென்றால் எழுத்தில் துண்டு தருவீர்களா?

அவர் வரும் நேரம் அயலில் உள்ள ஒரு பெண்ணையும் வந்து இருக்கச் சொல்லுங்கள். இது பயத்துக்காக மட்டும் அல்ல. இரண்டு பேர் கேட்டால் ஒருவர் மறந்ததை மற்றவர் நினைவு வைத்திருப்பார். பெரிய செலவு சொன்னால் இன்னொருவரிடமும் காட்டுங்கள்.

புதிது வாங்கினால் ரசீதையும் உத்தரவாத அட்டையையும் பத்திரப்படுத்துங்கள். அட்டையில் கடையின் முத்திரையும் திகதியும் இருக்கின்றனவா என்று கடையிலேயே பாருங்கள். உத்தரவாத காலத்துக்குள் பழுதாகியும் கடை கைவிரித்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு முறையிடலாம். ரசீது இல்லாவிட்டால் அந்த முறைப்பாட்டை நிறுவுவது கஷ்டம்.

விட்டுவிட வேண்டிய மெசினும் உண்டு

இதுவரை படித்தவர்கள், நான் எதையும் திருத்தித்தான் பாவிக்க வேண்டும் என்கிறேன் என்று நினைக்கலாம். அப்படியில்லை. இன்னொரு சகோதரியைப் பற்றிச் சொல்கிறேன்.

அவர் யாழ்ப்பாணத்தில் இருக்கிறார். 2002 இல் ஏ9 வீதி திறந்த பிறகு தெற்கில் இருந்து பொருட்கள் தாராளமாக வரத் தொடங்கின. 2004 இல் அவருடைய கணவர் ஒரு வோஷிங் மெசின் வாங்கிக்கொண்டு வந்தார். 2006 ஓகஸ்டில் பாதை மூடியது. அடுத்த வருடம் ஒரு நாள் கடைக்குப் போன கணவர் திரும்பி வரவில்லை. இன்றுவரை தகவல் இல்லை.

நான் அவரைச் சந்தித்தது 2018 இல். மெசினுக்கு அப்போது 14 வயது. இரண்டு வருடத்தில் நாலு தரம் திருத்தியிருந்தார். செலவு 31,000 ரூபாய். அடித்தகடு துருப்பிடித்து ஓட்டை. தொட்டால் சில நேரம் "சுருக்" என்று அடிக்கிறது என்றார். மரப்பலகையில் ஏறி நின்று தோய்த்துக்கொண்டிருந்தார். "இதை மாத்துங்கோ" என்று மகன் சொல்லும்போதெல்லாம் வீட்டில் சண்டை.

நான் அவரிடம் கணக்குப் பேசவில்லை. அன்று அது கணக்கு விசயம் அல்ல. அவர் கணவரைப் பற்றிக் கதைத்தார், நான் கேட்டுக்கொண்டிருந்தேன். மெசினை லொறியில் இருந்து இறக்கிய நாள், அயலவர்கள் பார்க்க வந்தது, முதல் தரம் தண்ணீர் நிரப்பியது எல்லாம் சொன்னார். கடைசியில் அவராகவே ஒன்று சொன்னார்.

"அவர் இருந்திருந்தால் இதை எப்பவோ மாத்தியிருப்பார். கரண்ட் அடிக்கிற சாமானை வீட்டில வைச்சிருக்க விடமாட்டார்."

அடுத்த மாதம் புதிது வாங்கினார். பழையதன் ரசீது இன்னும் அலுமாரியில் இருக்கிறது. அது இருக்கட்டும். நினைவுக்கு ஒரு கடதாசி போதும், நனைந்த தரையில் நிற்கும் காலுக்கு அது ஆபத்தும் தராது.

ஆகவே சகோதரிகளே, மெசினைத் தொட்டால் மின்சாரம் அடிக்கிறது என்றால் அந்த நிமிடமே பாவிப்பதை நிறுத்துங்கள். மெயின் சுவிச்சை அணைத்த பிறகு பிளக்கைக் கழற்றி, மின்வேலை தெரிந்தவரைக் கூப்பிட்டு வீட்டின் எர்த்தையும் றிப் சுவிச்சையும் பார்க்கச் சொல்லுங்கள். சில வேளை பழுது மெசினில் இல்லாமல் வீட்டு வயரிங்கில் இருக்கும். அப்படியானால் புதிய மெசின் வாங்கினாலும் அதுவும் அடிக்கும். உடல் துருப்பிடித்து ஓட்டை விழுந்தது, ஒரே பழுது திரும்பத் திரும்ப வருவது, உதிரிப்பாகம் சந்தையில் கிடைக்காதது ஆகிய மூன்றும் மெசினை விட்டுவிடச் சொல்லும் அறிகுறிகள். விடும்போது பழைய இரும்பு வாங்குபவரிடம் விலை பேசிக் கொடுங்கள். மோட்டருக்குள் செப்புக் கம்பி உள்ளதா என்று கேட்டு, அதற்கும் சேர்த்துப் பேசுங்கள். வளவில் போட்டுக் கொளுத்தவேண்டாம், பிளாஸ்ரிக் புகை பிள்ளைகளின் நெஞ்சுக்குக் கூடாது.

தோய்ப்பவரே தீர்மானிக்கட்டும்

போரும் இடப்பெயர்வும் எங்களில் பலரைத் தனியாகத் தீர்மானம் எடுக்கும் இடத்துக்குத் தள்ளின. எந்தப் பாதையால் போவது, எதை விட்டுவிட்டு எதைத் தூக்குவது என்று ஒரு நொடியில் முடிவு எடுத்தவர்கள் நீங்கள். அப்படிப்பட்டவர்கள் ஒரு மெசினின் முன்னால் நின்று "எனக்கு இதெல்லாம் தெரியாது" என்று சொல்வதைக் கேட்க எனக்குக் கவலையாக இருக்கிறது. தெரியாததைக் கேட்டு அறியலாம். கேட்பதற்கு வெட்கப்படத் தேவையில்லை.

கிளிநொச்சி அக்காவிடம் கடந்த வாரம் தொலைபேசியில் கதைத்தேன். மெசின் ஓடுகிறது. கழற்றிய கப்பாசிற்றரை அவர் எறியவில்லை. மிளகாய்த்தூள் வாங்க வரும் பெண்களுக்கு அதைக் காட்டுகிறாராம்.

"இந்தச் சின்னச் சாமானுக்காக ஒரு இலட்சம் கடன்படப் பாத்தன் பிள்ளை" என்று சிரித்தார். இந்த முறை முதலில் சிரித்தது அவர்தான்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது உங்கள் வீட்டுப் பொருட்களின் ரசீதுகளையும் உத்தரவாத அட்டைகளையும் ஒரு உறையில் போட்டுக் கொண்டுவாருங்கள். எல்லோருமாக இருந்து திகதிகளைப் பார்த்து ஒழுங்குபடுத்துவோம். கணக்குப் பார்க்க ஒரு கொப்பியும் வேண்டும்.

மீண்டும் அடுத்த மாதம் சந்திப்போம்.